இசைக் கேள்வி பதில்: பம்பாயில் பதிவான பீட்டில்ஸ் பாட்டு

சென்ற இதழில் இசைத்தட்டுகளின் பின்பக்கப் பாட்டுகளைப் பற்றி எழுதியபோது, பிரிட்டனின் நால்வர் குழுவான பீட்டில்ஸின் ‘தி இன்னர் லைட்’ பாட்டை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இம்முறை கடிதங்கள் குவிந்திருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலிருந்தும் வந்தவை. ஆகவே, இம்மாதப் பகுதி முழுவதையும் அந்தப் பாட்டுக்கே விட்டுவிடுகிறேன்.

கேள்வி: என் தகப்பனார் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவருடைய பழைய இசைத்தட்டுகளை ஒழுங்குபடுத்தும்போது பீட்டில்ஸ் குழுவின் சிறிய தட்டு ஒன்று கிடைத்தது. முன்பக்கம் ‘லேடி மடோனா’. பின்பக்கத்தில் ‘தி இன்னர் லைட்’ என்று போட்டிருக்கிறது; ஆனால் அதை ஓடவிட்டால் நாகஸ்வரமும் மிருதங்கமும் முழங்குவதுபோல் இருக்கிறது. ரவிசங்கர் வாசித்தது என்கிறார் என் தம்பி. ஏதோ இந்திப் படப் பாட்டைத் தவறுதலாக அச்சடித்துவிட்டார்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையில் அது என்ன பாட்டு?
– ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: தட்டில் பிழை எதுவும் இல்லை, அம்மா. அது பீட்டில்ஸ் பாட்டேதான். எழுதி, மெட்டமைத்து, பாடியிருப்பவர் அந்த நால்வரில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன். ஆனால் உங்கள் காதில் விழும் வாத்தியங்களில் ஒன்றைக்கூட மற்ற மூவர் தொடவில்லை. ஹாரிசனும் இசையை நடத்தினாரே தவிர, வாசித்தவர்கள் அனைவரும் இந்தியக் கலைஞர்கள். 1968ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி பம்பாயில், பிரோஸ்ஷா மேத்தா சாலையில் இருந்த எச்.எம்.வி. ஒலிப்பதிவுக் கூடத்தில் இந்த இசை பதிவாயிற்று. ஐரோப்பாவுக்கு வெளியே கூடத்தில் பதிவான பீட்டில்ஸ் பாட்டு இது ஒன்றே.

ஹாரிசன் பம்பாய்க்குப் போனது இந்தப் பாட்டுக்காக அன்று. ஜோ மசோட் இயக்கிய ‘வொண்டர்வால்’ என்னும் திரைப்படத்துக்குப் பின்னணி இசை அமைத்துத் தர அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அதில் ஒரு பகுதியை லண்டனில் முடித்துவிட்டு, இந்திய வாத்தியங்கள் வேண்டிய பகுதிகளுக்காக அம்மாதத் தொடக்கத்தில் விமானம் ஏறினார். பம்பாய்க் கூடத்தில் அக்காலத்தில் இருந்த கருவி அவருடைய தேவைக்குப் போதவில்லை. எச்.எம்.வி. நிறுவனத்தின் இந்தியப் பொறுப்பில் இருந்த பாஸ்கர் மேனன், இரண்டு தடங்களில் பதியும் ஸ்டீரியோக் கருவி ஒன்றைக் கல்கத்தாவிலிருந்து இரயிலில் ஏற்றிப் பம்பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தார். (திருவனந்தபுரத்தில் பிறந்த இந்த மேனன், பின்னாளில் அமெரிக்காவின் கேப்பிடல் இசைத்தட்டு நிறுவனத்துக்கே தலைவரானவர்.) கருவி வந்துவிட்டது, கூடமோ வெளிச்சத்தத்தைத் தடுக்கும்படி கட்டப்பட்டதாக இல்லை. தெருவில் ஓடும் வண்டிகளின் இரைச்சல் உள்ளே வந்துகொண்டிருக்க, அதற்கு ஈடுகொடுத்தபடியே வேலை நடந்தது. படத்துக்கான இசையைப் பதிந்த அந்த நாள்களிலேயே, படத்துக்குச் சேராத இந்த ஒரு துண்டையும் ஹாரிசன் தனியாகப் பதிந்து எடுத்துக்கொண்டார். ஐந்து முறை வாசித்ததில் ஐந்தாவது தேர்வாயிற்று.

வாசித்தவர்களின் பெயர்களைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் உங்கள் தட்டில் அவை இல்லை. பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் ஹாரிசனின் பெயரும் அச்சான அந்தத் தாளில் இவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. சரோத் என்னும் நரம்பு வாத்தியத்தை வாசித்தவர் ஆஷிஷ் கான். மைஹர் கரானா என்னும் வட இந்திய இசை மரபை வளர்த்த அலாவுதீன் கானின் பேரர், அலி அக்பர் கானின் மகன். புல்லாங்குழல், அப்போது முப்பது வயதைத் தொடாத ஹரிபிரசாத் சௌராசியா. பக்கவாஜ், மகாபுருஷ் மிஸ்ரா. அலி அக்பர் கானின் கச்சேரிகளில் தபலா வாசித்து வந்தவர். ஷெனாய் ஹனுமான் ஜாதவ், ஆர்மோனியம் ரிஜ்ராம் தேசாத். சௌராசியா இன்று உலகறிந்த பெயர். மற்றவர்களை, வட இந்திய இசையில் தோய்ந்தவர்களைத் தவிர வேறு யாரும் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

ரவிசங்கர் இதில் வாசிக்கவில்லை என்பதை உங்கள் தம்பியிடம் சொல்லிவிடலாம். ஹாரிசன் 1966 முதல் அவரிடம் சித்தார் கற்றார் என்பது உண்மை. அதனால்தான் ஹாரிசனின் இந்திய இசை எதைக் கேட்டாலும் ரவிசங்கர் பெயரை ஒட்டிவிடுகிறார்கள்.

நாகஸ்வரம் என்று உங்கள் காது சொன்னதில் வியப்பில்லை. ஷெனாயும் சீவாளி வைத்து ஊதும் கருவிதான். வடக்கே கலியாணத்துக்கும் கோயிலுக்கும் அதுவே மங்கல வாத்தியம். ஆனால் நம்முடைய பாரி நாகஸ்வரம் இரண்டரை அடிக்கு மேல் நீளும். ஷெனாய் அதில் பாதியளவே இருக்கும். நாகஸ்வரத்தின் அடியில் மரத்தாலான அணசு இருக்கும். ஷெனாயில் அந்த இடத்தில் உலோகக் கிண்ணம். நாகஸ்வரம் திறந்த வெளியில் தவிலுக்கு ஈடுகொடுக்கப் பிறந்த குரல். ஷெனாயின் குரல் சற்று மெலிந்து, மூக்கால் பாடுவதுபோல் இழையும். பாட்டின் தொடக்கத்தில் சரோத் விரைந்து ஒரு வரி வாசிக்க, ஷெனாய் பதில் சொல்லும் இடத்தைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். வேறுபாடு தானாகத் தெரியும். மிருதங்கம் என்று நீங்கள் நினைத்தது பக்கவாஜ். இரண்டும் உறவுக்காரர்கள்தாம்: படுக்கவைத்து இரு பக்கமும் வாசிப்பது, இடப்பக்கத் தோலில் மாவுப் பசை அப்பி நாதத்தைக் கனமாக்குவது எல்லாம் பொது. நாம் ரவையைக் குழைத்து அப்புகிறோம். அவர்கள் கோதுமை மாவைப் பிசைந்து அப்புகிறார்கள்.

கேள்வி: இணையத்தில் இந்தப் பாட்டைத் தேடிக் கேட்டேன். கதவைத் தாண்டாமலே உலகத்தை அறியலாம் என்பதுபோல் வருகிறது. இது பகவத் கீதையிலிருந்து எடுத்ததா, உபநிடதமா?
– கல்லூரி மாணவர், ஈப்போ

பதில்: இரண்டும் இல்லை, தம்பி. இசை இந்தியாவுடையது, சொல் சீனத்துடையது. லாவோட்சு இயற்றியதாகச் சொல்லப்படும் ‘தாவோ தே சிங்’ என்னும் நூலில் மொத்தம் 81 அதிகாரங்கள். அதன் 47ஆவது அதிகாரம்தான் இந்தப் பாட்டின் மூலம். வாசலை விட்டு வெளியே போகாமலே உலகத்தை அறிய முடியும், பலகணி வழியே எட்டிப் பார்க்காமலே வானத்தின் நெறியைக் காண முடியும், ஒருவன் எவ்வளவு தொலைவு போகிறானோ அவ்வளவு குறைவாகவே அறிகிறான் என்று போகிறது அந்தப் பகுதி. சுங்கை சிப்புட்டிலோ ஈப்போவிலோ பழைய படிப்பு உள்ள சீன மருந்துக்கடைத் தவுக்கே எவரிடமாவது இதன் முதல் வரியைச் சொல்லிப் பாருங்கள்; அடுத்த வரியை அவர் முடித்து வைக்கக்கூடும்.

அது ஹாரிசன் கைக்கு வந்த வழி சுவையானது. 1967 செப்டம்பர் கடைசியில் அவரும் குழுவின் இன்னொருவரான ஜான் லெனனும் டேவிட் பிராஸ்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றித் தியானத்தைப் பற்றிப் பேசினார்கள். சில நாள் கழித்து அதே பொருள் பற்றி நடந்த அடுத்த நிகழ்ச்சியின் அவையில் ஹுவான் மஸ்காரோ என்னும் முதியவர் அமர்ந்திருந்தார். ஸ்பெயினுக்கு உட்பட்ட மயோர்க்காத் தீவில் பிறந்து, கேம்பிரிட்ஜில் வாழ்ந்த வடமொழி அறிஞர் அவர்; பகவத் கீதையையும் உபநிடதங்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்து, பெங்குவின் பதிப்பாக வெளியிட்டவர். பல சமயங்களின் ஞான வாக்குகளைத் திரட்டி ‘லேம்ப்ஸ் ஆஃப் பயர்’ என்னும் தொகுப்பையும் அவர் வெளியிட்டிருந்தார். அதன் படி ஒன்றைக் கடிதத்தோடு நவம்பரில் ஹாரிசனுக்கு அனுப்பி, அதிலுள்ள தாவோ வாக்கு ஒன்றைப் பக்க எண்ணோடு சுட்டி, இதை இசையில் அமைத்தால் என்ன என்று கேட்டார். கேட்டபடியே ஹாரிசன் செய்தார். முதல் அடியில் ‘என் கதவு’, ‘நான் அறியலாம்’ என்று தன்மையில் வருவதை அடுத்த அடியில் முன்னிலைக்கு மாற்றி, கேட்பவரை நோக்கிச் சொல்வதாகத் திருப்பினார். தன்னைப் பற்றி மட்டும் பேசும் பாட்டாக அது நின்றுவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். மற்றபடி மூலத்தை அவர் பெரிதும் கலைக்கவில்லை.

இங்கே நம்மவர்க்கு உரிய செய்தி ஒன்று உண்டு. இந்தப் பகுதியை எழுதத் தூண்டியதே அதுதான் என்று சொன்னாலும் தகும். இந்த மஸ்காரோ இளமையில் சில காலம் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். சர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வரக் கல்லூரியில் துணை முதல்வராகப் பணியாற்றினார். இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் எழுந்திருக்கும் வளாகம் அந்தக் கல்லூரி இருந்த இடம்தான். மலாயாத் தோட்டங்களில் கணக்கெழுத வந்த கிராணிமாரில் எத்தனையோ பேர் யாழ்ப்பாணத்தார் என்பதை நம் பெரியவர்கள் அறிவார்கள். அவர்களில் யாராவது அந்த வெள்ளைக்கார ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்திருந்தால், பிற்காலத்தில் தோட்டக் கிளப்பின் ரேடியோகிராமில் இந்தப் பின்பக்கம் ஓடியபோது அதற்கும் தம் ஆசிரியருக்கும் இருந்த தொடர்பை அறியாமலே கேட்டிருப்பார்கள்.

கேள்வி: இவ்வளவு சிறப்பு உள்ள பாட்டை ஏன் பின்பக்கத்தில் போட்டு ஒளித்தார்கள்? முன்பக்கத்துக்குத் தகுதி இல்லையா?
– இசைக்குழு கிட்டார் கலைஞர், கோலகங்சார்

பதில்: ஒளித்தார்கள் என்பதைவிட, ஹாரிசனுக்குக் கிடைத்த முதல் இடமே அதுதான் என்று சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1962 முதல் அதுவரை பீட்டில்ஸ் வெளியிட்டிருந்த ஒற்றைத்தட்டுகள் 16. அவற்றின் முன்பக்கத்திலோ பின்பக்கத்திலோ ஹாரிசன் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லை. குழுவின் மற்ற இருவரான லெனனும் மெக்கார்ட்னியும் எழுதியவையே இரு பக்கங்களையும் நிரப்பின. 17ஆவது தட்டின் பின்பக்கம் ஹாரிசனுக்கு வாய்த்தது. அதற்கும் பந்தயம் இருந்தது: 1968 பிப்ரவரியில் இந்தப் பாட்டை முடித்துக்கொண்டிருந்த அதே நாள்களில் லெனனின் ‘அக்ராஸ் தி யூனிவர்ஸ்’ பாட்டும் பதிவாகிக்கொண்டிருந்தது. அது வந்த விதத்தில் லெனனுக்கே நிறைவில்லாமல் போக, அதை ஒரு நற்பணித் தொகுப்புக்குத் தந்துவிட்டார்கள். ஹாரிசனின் பாட்டு தட்டில் ஏறிற்று.

முன்பக்கம் என்பது வானொலிக்கும் விற்பனைக்கும் உரியது. மெக்கார்ட்னி பியானோவைத் தட்டி ஆடவைக்கும் ‘லேடி மடோனா’வோடு மோதவிட்டால், சரோதும் ஷெனாயும் கொண்ட ஒரு பாட்டு வானொலியில் ஓடியிராது. பின்பக்கத்துக்கு அந்தச் சுமை இல்லை. முன்பக்கத்துக்காகக் காசு கொடுத்தவர் கைக்குப் பின்பக்கமும் தானாக வந்து சேரும். ஆகவே, தனியாக விற்றிருந்தால் ஆயிரம் பேர் வாங்கத் தயங்கியிருக்கக்கூடிய இசை, ஈப்போ கடையில் ‘லேடி மடோனா’ கேட்ட ஒரு தோட்டக் கிராணியின் வீடு வரைக்கும் வந்தது. 1969இல் ஹாரிசனின் ‘ஓல்ட் பிரவுன் ஷூ’ மறுபடியும் பின்பக்கம்; அதே ஆண்டு அக்டோபரில் ‘சம்திங்’ வந்தபோதுதான் ஹாரிசன் முன்பக்கம் ஏறினார்.

ஹாரிசன் பீட்டில்ஸ் பெயரில் செய்த இந்திய இசைப் பாட்டுகள் மூன்று. 1966இல் வந்த ‘லவ் யூ டூ’ ஆர்வக்காரர் ஒருவரின் முதல் முயற்சி. 1967இல் வந்த ‘விதின் யூ விதவுட் யூ’ ஐந்து நிமிடம் நின்று உபதேசம் செய்கிறது. மூன்றாவதான இதுதான் என் கணக்கில் முதலிடம் பெறுகிறது. இரண்டரை நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில், விரைந்தோடும் வாத்தியப் பகுதியும் அடங்கிய குரற்பகுதியும் மாறி மாறி வந்து, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. இதை மறுப்பவர்கள் எழுதலாம், வெளியிடுகிறேன்.

கேள்வி: குரலும் பம்பாயில் பதிவானதா? மற்ற பீட்டில்ஸ் இதில் எங்கே?
– வாசகர், தஞ்சோங் ரம்புத்தான்

பதில்: குரல் லண்டனில். பம்பாயிலிருந்து கொண்டுபோன இரண்டு தட நாடாவை அபே ரோட்டில் உள்ள இ.எம்.ஐ. கூடத்தில் நான்கு தட நாடாவுக்கு மாற்றி, பிப்ரவரி 6ஆம் தேதி அதன்மேல் ஹாரிசன் பாடினார். பாடுவதற்கு மிகவும் தயங்கியிருக்கிறார். இந்த இசைக்குத் தம் குரல் நியாயம் செய்யுமா என்ற ஐயம் அவருக்கு. பாடிப் பாருங்கள், கவலைப்பட வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறது என்று மெக்கார்ட்னி ஊக்கப்படுத்தியதை அன்று கூடத்தில் இருந்த ஒலிப்பதிவு உதவியாளர் ஜெரி பாய்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து, 8ஆம் தேதி, லெனனும் மெக்கார்ட்னியும் பாட்டின் கடைசி அடியில் மட்டும் சேர்ந்து பாடினார்கள். ரிங்கோ ஸ்டாருக்கு இதில் வேலையே இல்லை. அடுத்த வாரம் ஹாரிசனும் லெனனும் ரிஷிகேசத்துக்குப் புறப்பட்டுவிட்டார்கள். மார்ச் 15ஆம் தேதி பிரிட்டனில் தட்டு வெளியானபோது அவர்கள் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தியானத்தில் இருந்தார்கள்.

கேள்வி: என்னிடமும் அதே தட்டு இருக்கிறது. ஓடவிட்டால் சாவு வீட்டு இசைபோல் இழுக்கிறது. தட்டு கெட்டுவிட்டதா? இதை விற்றால் என்ன விலை போகும்?
– ஒட்டுக்கடை உரிமையாளர், சுங்கை சிப்புட்

பதில்: தட்டு நன்றாகத்தான் இருக்கிறது, கருவியின் வேகத் திருகை 33இலிருந்து 45க்கு மாற்றுங்கள். விலையைப் பொறுத்தவரை, இது இலட்சக்கணக்கில் விற்ற தட்டு என்பதால் பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம். கீறலில்லாத தட்டுக்கும் கிழியாத உறைக்கும் மட்டுமே சேகரிப்பவர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள். வேறொரு காரணத்துக்காக வைத்துக்கொள்ளலாம். உங்கள் தட்டில் இருப்பது ஒற்றை ஒலியாகிய மோனோக் கலவை. ஸ்டீரியோக் கலவை 1970 ஜனவரியில்தான் செய்யப்பட்டது. தவிரவும், வெளியாகிப் பத்தாண்டு காலம் இந்தப் பாட்டு எந்த நீள்தட்டிலும் இடம்பெறவில்லை. 1978இல் பிரிட்டனில் வந்த ‘ரேரிட்டீஸ்’ தொகுப்பிலும், பிறகு 1988இல் வந்த ‘பாஸ்ட் மாஸ்டர்ஸ்’ இரண்டாம் தொகுப்பிலும் சேர்ந்தது. அதுவரைக்கும் இதைக் கேட்க விரும்பியவருக்கு உங்கள் கையில் இருக்கும் அந்தச் சின்னத் தட்டுதான் வழி.

கேள்வி: எங்கள் கோயில் நாகஸ்வரக் குழுவில் இளைஞர் மூவர் இருக்கிறோம். திருவிழாவின் கடைசி நாள் மண்டபக் கலைநிகழ்ச்சியில் இதை வாசிக்கலாமா? எப்படிப் பிரித்துக்கொள்வது?
– தவில் கலைஞர், சுங்கை சிப்புட் அருகிலுள்ள தோட்டம்

பதில்: தாராளமாக வாசிக்கலாம். ஹாரிசன் மறைந்து ஓராண்டு நிறைந்த 2002 நவம்பர் 29ஆம் தேதி, லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நடந்த நினைவுக் கச்சேரியில், ஜெப் லின் பாட, ரவிசங்கரின் மகள் அனுஷ்கா சித்தாரில் இதை வாசித்தார். சரோத் இல்லாமலும் மெட்டு நின்றதை அதில் கேட்கலாம்.

உங்கள் சிக்கல் வேறு. விரைவான பகுதியில் சரோத் ஒரு வரி சொல்ல ஷெனாய் பதில் தருகிறது. அதை இரண்டு நாகஸ்வரங்களும் பங்கிட்டுக்கொள்ளலாம், அதற்கு உங்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. குரல் வரும் பகுதிதான் கடினம். அங்கே மூலத்தில் புல்லாங்குழலும் ஆர்மோனியமும் குரலை மெல்லத் தாங்குகின்றன. அந்த இடத்தில் இரண்டு நாகஸ்வரமும் தவிலும் முழு வீச்சில் புகுந்தால் பாட்டு நசுங்கிவிடும். ஒருவர் மட்டும் மெட்டை வாசிக்கட்டும், மற்றவர் சுருதியில் நிற்கட்டும், நீங்கள் தொப்பிப் பக்கத்தைக் கையால் தடவி, வலந்தலைப் பக்கத்தில் மிக மெதுவாக நடை மட்டும் காட்டுங்கள். குச்சியை அடுத்த வாத்தியப் பகுதி தொடங்கும்போது எடுத்தால் போதும். பதிவின் ஆதாரச் சுருதி உங்கள் பாரி நாகஸ்வரத்துக்கு ஒத்துவருகிறதா என்று சுருதிப்பெட்டியை வைத்து முதலில் பார்த்துவிடுங்கள். ஒத்துவரவில்லையென்றால் பதிவோடு போராடாமல் உங்கள் வாத்தியத்தின் சுருதிக்கே மெட்டை இறக்கிக்கொள்ளுங்கள். கோயில் தலைவரிடம் இது கலைநிகழ்ச்சிக்கு மட்டுமே, சுவாமி புறப்பாட்டுக்கு அன்று என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அறிவிப்பாளரிடம் பாட்டின் பெயரோடு ஆஷிஷ் கான், சௌராசியா, மிஸ்ரா, ஜாதவ், தேசாத் ஆகிய ஐந்து பெயர்களையும் எழுதிக் கொடுங்கள்.